ஒரே நாளில் 2 குழந்தைகளையும் பறித்த நதி... சொல்லே இல்லாமல் அந்தத் துக்கத்தை ஆடிய தாய்: யார் இந்த இசடோரா டங்கன்?

1913 ஏப்ரல் 19. பாரிஸில் மழை பெய்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து 2 குழந்தைகள் ஆயாவுடன் காரில் ஏறுகிறார்கள். 6 வயது மகள் ஜன்னல் கண்ணாடியில் உதட்டை வைக்கிறாள். வெளியே நின்ற அம்மா குனிந்து, கண்ணாடியின் இந்தப் பக்கத்தில் அதே இடத்தில் முத்தம் கொடுக்கிறார். கண்ணாடி ஜில்லென்று இருந்தது.

கார் கிளம்பியது. அதன் பிறகு அந்தக் குழந்தைகளை அவர் உயிரோடு பார்க்கவில்லை.

அந்த அம்மாவின் பெயர் இசடோரா டங்கன். அன்றைய தேதியில் ஐரோப்பாவின் மிகப் பிரபலமான நடனக் கலைஞர்களில் ஒருவர். இன்று இணையத்தில் இவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது, கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சிக்கி அவர் இறந்த கதைதான். ஆனால் அந்த விபத்துக்கு 14 வருஷம் முன்பே இன்னொரு கார் அவர் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார், வார்த்தையே இல்லாமல் ஒரு துக்கத்தை எப்படி மேடையில் சொன்னார் என்பதுதான் இந்தக் கதை.

யார் இந்த இசடோரா?

1877-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 4 பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா ஜோசப் டங்கன் வங்கித் தொழில் செய்தவர். இசடோரா கைக்குழந்தையாக இருந்தபோதே வங்கி திவாலானது, பெற்றோரும் பிரிந்தார்கள்.

அம்மா மேரி டோரா, பியானோ சொல்லிக்கொடுத்து 4 பிள்ளைகளையும் வளர்த்தார். வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறிய குடும்பம் அது. ஆனால் ராத்திரியானால் வீட்டில் இசை இருக்கும், கவிதை வாசிப்பு இருக்கும். சுமார் 10 வயதிலேயே இசடோரா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்துக் காசு சம்பாதிக்க ஆரம்பித்தார்.

1896 வாக்கில் நியூயார்க்கில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சின்னச் சின்ன வேஷங்கள்தான். மனசு ஒட்டவில்லை, வெளியே வந்துவிட்டார்.

1898 அக்டோபரில் முதல் பெரிய இழப்பு. பிரிந்துபோன அப்பா, தன் அடுத்த மனைவி, மகளுடன் மொகிகன் என்ற கப்பலில் வந்துகொண்டிருந்தார். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் அந்தக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இவர்கள் 3 பேரும் அதில் அடக்கம்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம், நியூயார்க்கின் வின்ட்சர் ஹோட்டலில் பெரிய தீ விபத்து. அங்கே நடன வகுப்பு நடத்திக்கொண்டிருந்த டங்கன் குடும்பம் உயிர் தப்பியது. உடைமைகள் எல்லாம் சாம்பல். இனி இங்கே இருந்து என்ன பயன் என்று முடிவெடுத்து, ஆடு மாடு ஏற்றிச் செல்லும் கப்பலில் மலிவாக இடம் பிடித்து லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர் நடனத்தில் அப்படி என்ன புதுசு?

அந்தக் காலத்தில் மேற்கத்திய மேடை நடனம் என்றால் பாலே. கால்விரல் நுனியில் நிற்கும் ஷூ, இடுப்பை இறுக்கிக் கட்டும் உடை, வருஷக் கணக்கில் பழகிய நிலைகள். இசடோரா இதையெல்லாம் கழற்றி வைத்தார். வெறுங்கால். கிரேக்கச் சிலைகளில் இருப்பதைப் போன்ற தளர்வான மெல்லிய உடை. பின்னால் வெறும் நீலத் திரை. வேறு செட் எதுவும் கிடையாது.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும் பாரிஸில் லூவ்ர் மியூசியத்திலும் கிரேக்கப் பானை ஓவியங்களின் முன்னால் மணிக்கணக்கில் நின்றார். ஓடும் உருவம், குனியும் உருவம், கையை உயர்த்தும் உருவம். அவை எந்த இடத்திலிருந்து அசைகின்றன என்பதைத்தான் அவர் கவனித்தார்.

நடனத்தின் ஊற்று காலில் இல்லை, நெஞ்சுக்குக் கீழே வயிற்றுக்கு மேலே, மூச்சு ஏறி இறங்கும் இடத்தில் இருக்கிறது என்று நம்பினார். யோசித்துப் பாருங்கள், திடீரென்று ஒரு கெட்ட செய்தி கேட்டால் நமக்கு முதலில் அடைப்பதும் அந்த இடம்தானே? நடப்பது, ஓடுவது, துள்ளுவது, விழுவது, எழுவது. இவ்வளவுதான் அவருடைய நடன மொழி.

பரதநாட்டியம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். நம்ம அபிநயத்தில் பாடல் வரி இருக்கும். அந்த வரிக்குக் கை முத்திரையும் முகபாவமும் அர்த்தம் சொல்லும். இசடோராவிடம் பெரும்பாலும் பாடல் வரி கிடையாது, முத்திரை அகராதியும் கிடையாது. ஷோபன், பீத்தோவன், குளுக் போன்றோரின் இசை, அதற்கு ஓர் உடம்பு. கதையைப் பார்ப்பவர்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

1902-ல் புடாபெஸ்டில் பெரிய வெற்றி. அடுத்து பெர்லின். ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1904-ல் பெர்லினை ஒட்டிய குரூனவால்டில், அக்கா எலிசபெத்துடன் சேர்ந்து ஒரு நடனப் பள்ளி தொடங்கினார். சேர்ந்த குழந்தைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அங்கே வளர்ந்த 6 பெண்கள் பின்னாளில் டங்கன் என்ற பெயரையே தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். இவர்களை மறந்துவிடாதீர்கள், கதையின் கடைசியில் மறுபடி வருவார்கள்.

2 குழந்தைகள், 2 அப்பாக்கள்

கல்யாணம் என்ற ஏற்பாட்டின் மீது இசடோராவுக்கு அப்போது நம்பிக்கை இல்லை. பெற்றோரின் பிரிவைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அதை வெளிப்படையாகவும் சொன்னார். 1900-களில் ஒரு பெண் அப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

1906-ல் மகள் டெய்ட்ரா பிறந்தாள். அப்பா, மேடை வடிவமைப்பில் புரட்சி செய்த ஆங்கிலேயர் கோர்டன் கிரெய்க்.

1910 மே 1 அன்று மகன் பேட்ரிக் பிறந்தான். அவனுடைய அப்பாவை நமக்கு மறைமுகமாகத் தெரியும். நம்ம வீட்டு மூலையில் தாத்தா பாட்டி காலத்து சிங்கர் தையல் மெஷின் இருக்கிறதே, அந்தக் கம்பெனியை உருவாக்கிய ஐசக் சிங்கரின் மகன். அவர் பெயரே பாரிஸ் சிங்கர்தான். பெரும் பணக்காரர். இசடோராவின் பள்ளிக்கும் கலைக்கும் வாரி இறைத்தவர்.

1913-ல் இசடோராவின் புகழ் உச்சத்தில் இருந்தது. அந்த வருஷ வசந்தத்தில் பாரிஸில் திறக்கப்பட்ட ஷான்செலிசே தியேட்டரின் முகப்புச் சிற்பங்களை, அவருடைய நடன அசைவுகளை மனதில் வைத்தே சிற்பி பூர்தெல் செதுக்கியிருந்தார். அந்தச் சிற்பங்களை இன்றும் பார்க்கலாம்.

அதே வருஷத் தொடக்கத்தில் ரஷ்யாவுக்குப் போயிருந்தபோது, ஷோபனின் மரண ஊர்வல இசைக்கு ஒத்திகைகூட இல்லாமல் ஆடியதாக இசடோரா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பனியில் சின்னச் சின்னச் சவப்பெட்டிகளைப் பார்ப்பது போல ஒரு தோற்றம் தன்னை உலுக்கியதாகவும் சொல்கிறார். பின்னால் நடந்ததை வைத்துத் திரும்பிப் பார்க்கும்போது நினைவு இப்படி வடிவம் மாறுவது உண்டு. அந்தப் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும் வரலாற்று ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அவர் அந்த இசைக்கு ஆடியது குழந்தைகள் இறப்பதற்கு முன்பு. பலரும் நினைப்பது போல இறந்த பிறகு அல்ல.

ஏப்ரல் 19 அன்று என்னாச்சு?

பிரிந்து இருந்த பாரிஸ் சிங்கர், குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சந்தோஷமான மதியம். அதன் பிறகு இசடோராவுக்கு நுய்யி என்ற இடத்தில் உள்ள தன் ஸ்டூடியோவில் ஒத்திகை. குழந்தைகளை ஆயாவுடன் வெர்சாயில் இருந்த வீட்டுக்கு அனுப்பினார்.

வழியில், செய்ன் நதியோரச் சாலையில், இன்னொரு வண்டியில் மோதாமல் இருக்க ஓட்டுநர் காரைத் திருப்பி நிறுத்தினார். எஞ்சின் அணைந்துவிட்டது. அந்தக் காலத்துக் காரை உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ய முடியாது. இறங்கி வந்து, முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அவரும் இறங்கிச் சுற்றினார். பிரேக் சரியாகப் போடப்படவில்லை. எஞ்சின் உயிர் பெற்றதும் கார் தானாக நகர ஆரம்பித்தது. சாலையைத் தாண்டி, கரைச் சரிவில் இறங்கி, நேராக நதிக்குள் போய்விட்டது.

கதவுகள் மூடியிருந்தன. டெய்ட்ராவுக்கு வயது 6. பேட்ரிக்குக்கு 3 முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. 2 குழந்தைகளும் ஆயாவும் இறந்துபோனார்கள்.

ஸ்டூடியோவில் இருந்த இசடோராவிடம் செய்தியைக் கொண்டுவந்தவர் பாரிஸ் சிங்கர்.

அழாத அம்மா

அந்த நேரத்தில் தனக்கு அழுகை வரவில்லை என்று இசடோரா பின்னாளில் எழுதினார். சுற்றிலும் எல்லோரும் அழுதார்கள், தான்தான் அவர்களைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியதாம். மரண வீடுகளில் நாமும் இதைப் பார்த்திருப்போம். பறிகொடுத்தவர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். வந்தவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பார். உடம்பு இன்னும் செய்தியை வாங்கவில்லை என்று அர்த்தம்.

இறுதிச் சடங்கில் மதச் சடங்குகள் வேண்டாம் என்றார். கறுப்பு உடை வேண்டாம் என்றார். நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் வந்து ஸ்டூடியோ தோட்டத்து மரம் செடிகளை எல்லாம் வெள்ளைப் பூக்களால் மூடினார்கள். இசைக்குழு குளுக்கின் இசையை வாசித்தது. இறந்த மனைவியைத் தேடி மரண உலகுக்கே போகும் ஆர்ஃபியஸ் கதைக்கான இசை அது. இசடோரா மேடையில் பலமுறை ஆடிய இசையும் அதுதான். அன்று அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

உடல்கள் பெர் லாஷேஸ் மயானத்தில் எரியூட்டப்பட்டன. கைதான ஓட்டுநரைத் தண்டிக்க வேண்டாம், அவருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டதும் இசடோராதான்.

இனி நடனமே வேண்டாம்

அதன் பிறகு பாரிஸில் இருக்க முடியவில்லை. அண்ணன் ரேமண்டுடன் கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் போனார். பக்கத்திலேயே அல்பேனியாவில், பால்கன் போரால் வீடிழந்த மக்கள் பசியில் கிடந்தார்கள். ரேமண்ட் அங்கே நிவாரண முகாம் நடத்திக்கொண்டிருந்தார். இசடோராவும் சேர்ந்துகொண்டார். குழந்தைகளோடு தவித்த தாய்மார்களுக்கு உணவும் துணியும் கொடுக்கிற வேலை.

சில வாரங்களில் அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. இஸ்தான்புல், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று ஊர் ஊராக அலைந்தார். துக்கத்துக்கு ஊர் மாற்றம் மருந்தாகும் என்று எல்லோரும் சொல்வதுதான். அவருக்கு அது பலிக்கவில்லை.

இத்தாலியக் கடற்கரை ஊரான வியாரெஜியோவில் இருந்து ஓர் அழைப்பு. கூப்பிட்டவர், ஐரோப்பாவே கொண்டாடிய நாடக நடிகை எலியனோரா டூசே. மற்றவர்கள் எல்லாம், நடந்ததை மறந்துவிடு, வேறு எதையாவது பேசு என்றார்கள். டூசே நேர் எதிராகச் செய்தார். குழந்தைகளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவர்கள் என்ன பேசுவார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்று கேட்டார். போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். தன் பிள்ளைகள் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் இசடோராவுக்கு அழுகை உடைந்தது.

கலைக்குத் திரும்பு என்று டூசே வற்புறுத்திக்கொண்டே இருந்தார். ஒரு நாள், டூசேயின் வீட்டில், பியானோவில் பீத்தோவன் இசை. ஒரே ஒரு பார்வையாளருக்கு முன்னால் இசடோரா எழுந்து ஆடினார். ஏப்ரல் 19-க்குப் பிறகு முதல் முறையாக.

ஆனால் துக்கம் அத்தோடு தீரவில்லை. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற தவிப்பு. இத்தாலியில் சந்தித்த ஓர் இளம் சிற்பியின் மூலம் கர்ப்பமானார். 1914 ஆகஸ்ட். முதல் உலகப் போர் வெடித்த அதே நாட்களில், பாரிஸை ஒட்டிய பெல்வியூவில் ஆண் குழந்தை பிறந்தது. சில மணி நேரம்தான் இருந்தது. அதுவும் போய்விட்டது.

அந்த பெல்வியூ கட்டடம், இசடோராவின் புதிய பள்ளிக்காக பாரிஸ் சிங்கர் வாங்கிக்கொடுத்த பெரிய ஹோட்டல். அதைப் போரில் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றக் கொடுத்துவிட்டார். குழந்தைகள் ஆட வேண்டிய கூடத்தில் கட்டில்கள் வந்து சேர்ந்தன.

உடம்பு மாறியது, நடனமும் மாறியது

1913-க்கு முந்தைய இசடோரா என்றால் ஓட்டமும் துள்ளலும்தான். காற்றில் மிதக்கும் துணி, மேலே பார்க்கும் முகம். அதற்குப் பிந்தைய இசடோரா வேறு ஆள்.

அசைவுகள் குறைந்தன. நிற்பது அதிகமானது. தரையில் படுத்த நிலையில் இருந்து, இசை முழுக்க எடுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல எழுவது. 1916 ஏப்ரலில் பாரிஸின் ட்ரோகடெரோ அரங்கில் சேசர் ஃபிராங்கின் இசைக்கு அவர் ஆடியது அப்படிப்பட்ட ஒன்று. அதே நிகழ்ச்சியில் சாய்கோவ்ஸ்கியின் துயரம் தோய்ந்த 6-வது சிம்பொனி. கடைசியில், சிவப்புத் துணி போர்த்தி பிரான்ஸின் தேசிய கீதத்துக்கு ஆடினார். அரங்கில் இருந்த எத்தனையோ பேர் போரில் அண்ணன் தம்பியை, மகனை இழந்தவர்கள். அவர் தன் துக்கத்தை ஆடினார், பார்த்தவர்கள் தங்கள் துக்கத்தைப் பார்த்தார்கள்.

ஷூபர்ட்டின் ஆவே மரியா இசைக்கும் ஒரு நடனம் அமைத்தார். அதில் ஒரு தாயின் கைகள் எதையோ ஏந்தித் தாலாட்டும். கையில் எதுவும் இருக்காது.

தாய்: 3 நிமிடம், வெறும் கை

1921-ல் சோவியத் அரசின் கல்வி அமைச்சர் லுனாசார்ஸ்கி அழைத்தார். மாஸ்கோவில் ஏழைக் குழந்தைகளுக்கு நடனப் பள்ளி தொடங்க ஒரு மாளிகையே கிடைத்தது. நாடு அப்போது உள்நாட்டுப் போரிலும் வோல்கா பகுதிப் பஞ்சத்திலும் சிதைந்து கிடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எங்கும் இருந்தார்கள்.

அந்த 1920-களின் தொடக்கத்தில்தான், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபினின் ஒரு சின்னப் பியானோ இசைக்கு, தாய் என்ற தனி நடனத்தை உருவாக்கினார். ஸ்கிரியாபின் அதை எழுதியது விடலைப் பருவத்தில். மொத்தமே சுமார் 3 நிமிடம்.

அதில் என்ன நடக்கிறது? ஒரு பெண் தரையில் இருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தையைத் தன் பக்கம் இழுத்து அணைக்கிறாள். தாலாட்டுகிறாள். தலையைத் தடவிக் கொடுக்கிறாள். மெதுவாக எழுந்து, அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள். பிறகு விடுகிறாள். குழந்தை போகிறது. அவள் கை மட்டும் அந்தத் திசையில் நீண்டு நிற்கிறது. அவ்வளவுதான்.

இதில் கார் இல்லை, நதி இல்லை. மாரில் அடித்துக்கொண்டு அழும் காட்சி இல்லை. சாவே மேடையில் காட்டப்படவில்லை. ஒரு குழந்தை மடியில் எவ்வளவு கனமாக இருக்கும், தலைமுடி கைக்கு எப்படி இருக்கும், கூட நடக்கும்போது எவ்வளவு உயரத்தில் கையைத் தாழ்த்த வேண்டும் என்பதை அவர் உடம்பு நினைவில் வைத்திருந்தது. அதைத்தான் காட்டினார். அந்த உயரத்தில், அந்த இடத்தில் யாரும் இல்லை என்பது பார்ப்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். இந்த நடனம் குழந்தைகள் இறந்த அடுத்த வாரமோ அடுத்த மாதமோ வரவில்லை. சுமார் 8 வருஷம் ஆனது. திடீரென்று வந்த துக்கத்தைத் திடீரென்று ஆடிவிட முடியவில்லை. முதலில் உறைந்துபோனார், பிறகு அலைந்தார், யாரோ ஒருத்தி பெயர் சொல்லிக் கேட்டபோது அழுதார், தனியாக ஒருவர் முன் ஆடினார், பெரிய கூட்டத்தின் முன் ஊரோடு சேர்ந்து ஆடினார். கடைசியில்தான் அந்த 3 நிமிடம் வந்தது.

ஆடியதால் அவர் துக்கம் ஆறியதா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சிறு குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் வலி திரும்பி வந்ததாகக் கடைசி வரை எழுதினார். குடிப்பழக்கம் கூடியது. பணம் தங்கவில்லை. அந்த நடனம் அவரைக் குணப்படுத்தவில்லை. ஆனால் சொல்ல முடியாத ஒன்றை இன்னொருவருக்குப் புரியும்படி வைத்துவிட்டுப் போக முடிந்தது.

கடைசி ஆண்டுகள்

1922 மே மாதம், கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை, ரஷ்யக் கவிஞர் செர்கெய் யெசெனின். இவரைவிட 18 வயது இளையவர். இவருக்கு ரஷ்ய மொழி சில சொற்களே தெரியும், அவருக்கு வேறு மொழியே தெரியாது. அந்த உறவு நீண்ட நாள் நிற்கவில்லை. 1925 டிசம்பரில், 30 வயதில் யெசெனின் இறந்துபோனார்.

இசடோரா பிரான்ஸுக்குத் திரும்பினார். கடன் சூழ்ந்தது. 1927 ஜூலையில் பாரிஸில் கடைசி மேடை நிகழ்ச்சி. பணத்துக்காகத் தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார்.

1927 செப்டம்பர் 14. தெற்கு பிரான்ஸின் நீஸ் நகரக் கடற்கரைச் சாலை. திறந்த காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டுத் துணி. கார் கிளம்பியதும் அதன் நுனி பின்சக்கரத்தில் சிக்கி இறுக்கியது. அந்த இடத்திலேயே உயிர் போனது. வயது 50. அந்தக் கார் புகாட்டி என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அது அமில்கார் என்ற சின்ன பிரெஞ்சு கார்.

சுயசரிதை அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. அஸ்தி, பெர் லாஷேஸ் மயானத்தில் அவர் குழந்தைகளின் அஸ்திக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

இன்று நமக்கு எப்படித் தெரிகிறது?

இசடோராவுக்குத் தன் நடனத்தைப் படம் பிடிப்பது பிடிக்காது. அதனால் அவர் ஆடும் முழுமையான வீடியோ ஒன்றுகூட இல்லை. இருப்பது போட்டோக்களும் ஓவியங்களும். அமெரிக்க ஓவியர் ஆபிரகாம் வால்கோவிட்ஸ் மட்டும் அவர் ஆடுவதை ஆயிரக்கணக்கான கோட்டோவியங்களாக வரைந்து வைத்தார்.

அப்படியென்றால் தாய் நடனம் எப்படிப் பிழைத்தது? குரூனவால்டு பள்ளியின் அந்த 6 பெண்களை நினைவிருக்கிறதா? அவர்களில் இர்மா, ஆனா, மரியா தெரேசா போன்றோர் தாங்கள் கற்றதைத் தங்கள் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மாணவிகள் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். நம்ம ஊர் குரு சிஷ்ய முறை மாதிரியே, உடம்பில் இருந்து உடம்புக்கு. பிற்பாடு சில நடனங்கள், அசைவுகளைக் குறியீடுகளாக எழுதும் லபான் முறையிலும் பதிவாகின.

அவருக்குப் பின் வந்தவர்களும் இந்த வழியில் நடந்தார்கள். 1930-ல் நியூயார்க்கில் மார்த்தா கிரஹாம் புலம்பல் என்ற நடனத்தை ஆடினார். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடி, குழாய் மாதிரி இழுபடும் துணிக்குள் உடம்பை முறுக்கி ஆடுவது. அதைப் பார்த்த ஒரு பெண், தன் மகன் விபத்தில் கண் முன்னால் இறந்ததில் இருந்து அழவே முடியாமல் இருந்தவர், அன்றுதான் அழுதார் என்று கிரஹாம் பின்னாளில் சொல்வதுண்டு.

நமக்கும் ஒரு மெல்லிய இழை இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் ரஷ்யாவில் இசடோரா ஆடியபோது பார்த்து வியந்தவர்களில் ஒருவர், இளம் பாலே கலைஞர் ஆனா பாவ்லோவா. அதே பாவ்லோவாதான் பல வருஷம் கழித்து ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்தின் பக்கம் திருப்பியவர், சொந்த மண்ணின் கலையைத் தேடச் சொன்னவர். 1936-ல் சென்னையில் கலாக்ஷேத்ரா பிறந்தது.

2019-ல் பிரெஞ்சு இயக்குநர் டேமியன் மனிவெல், இசடோராவின் குழந்தைகள் என்ற பெயரில் ஒரு படம் எடுத்தார். அதில் இசடோராவாக யாரும் நடிக்கவில்லை. இன்றைய காலத்தில் வாழும் 4 பெண்கள் அந்த 3 நிமிட நடனத்தைச் சந்திக்கிறார்கள். ஒருவர் குறியீடுகளைப் படித்துத் தனியாகப் பழகுகிறார். ஓர் ஆசிரியையும் இளம் மாணவியும் சேர்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள். கடைசியாக ஒரு வயதான பெண், நடனத்தைப் பார்த்துவிட்டு, ஊன்றுகோலுடன் மெதுவாக வீட்டுக்கு நடந்து போகிறார். லொகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற படம் இது.

டெய்ட்ராவும் பேட்ரிக்கும் இறந்து 100 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆனால் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பயிற்சிக் கூடத்தில், இசடோராவை நேரில் பார்த்தே இராத ஓர் இளம்பெண், காற்றில் ஒரு சின்னத் தலையைத் தடவிப் பழகுகிறாள். கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று டீச்சர் சரிசெய்கிறார்.